காட்டிக்கொடுத்தவர் யார்? வேலூர்க் கோட்டை, 1806: ஒரு நிகழ்வு ஆய்வு

1806 ஜூன் 17. வேலூர்க் கோட்டையில் இருந்த முதலாம் ரெஜிமெண்டின் சிப்பாய் முஸ்தபா பேக், தன் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஃபோர்ப்ஸைத் தனியாகப் பார்த்து, கோட்டைக்குள் இருக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளையும் சோல்ஜர்களையும் மொத்தமாகத் தீர்த்துக்கட்ட உள்ளுக்குள்ளேயே ஏற்பாடு நடக்கிறது என்று சொன்னார். ஃபோர்ப்ஸ் விசாரிக்கச் சொன்னார். யாரை? அதே பட்டாளத்தின் இந்திய அதிகாரிகளை, அதாவது சுபேதார்களையும் ஜமேதார்களையும். அந்த ஏற்பாட்டை முன்னின்று செய்துகொண்டிருந்தவர்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். அவர்கள் கூடிப் பேசி, ராணுவம் அணியச் சொன்ன புதுத் தலைப்பாகையைப் பற்றி யாருக்கும் எந்தக் குறையும் இல்லை, இந்த ஆள் மூளை கலங்கியவன் என்று முடிவு சொன்னார்கள். பேக்கைப் பிடித்து அடைத்தார்கள். 23 நாள் கழித்து, ஜூலை 10 விடியுமுன், அவர் சொன்னது சொன்னபடியே நடந்தது.

இந்த நிகழ்வை முழுதாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல நாளாக ஆசை. காரணம், வேலூர்ப் புரட்சியின் நினைவு நாளான ஜூலை 10-இல் நான் கேட்ட மேடைகளில் முஸ்தபா பேக் பெயர் வந்தாலே கூடவே 'காட்டிக்கொடுத்த துரோகி' என்ற பட்டமும் வந்துவிடுகிறது, அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்க நிறைய இருக்கிறது. அந்த விசாரணைக் குழு செய்தது என்ன? கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளம் வாங்கிக்கொண்டு, கம்பெனி கொடுத்த வேலையைச் செய்வதுபோலக் காட்டி, கம்பெனியை ஏமாற்றியது. கம்பெனி பக்கம் நின்று பார்த்தால் இதைவிடப் பெரிய இரண்டகம் கிடையாது. கூட இருந்த சிப்பாய்கள் பக்கம் நின்று பார்த்தால், தங்களை நம்பியவர்களை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய செயல். ஒரே கூட்டம், ஒரே அறிக்கை, ஒரே நாள். சேர்ந்து நிற்பதும் துரோகமும் இங்கே ஒரே செயலுக்குள் கிடக்கின்றன.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். மானியம் கொடுத்தார்கள், காவலும் போட்டார்கள். மைசூரிலிருந்து அவர்களோடு வந்தவர்கள் கோட்டையைச் சுற்றிலும் பெருகினார்கள். 1805 நவம்பரில் சென்னை ராணுவத் தலைமை ஒரு உத்தரவு போட்டது: அணிவகுப்பில் நெற்றியில் சாதி, சமயக் குறி கூடாது, தாடியைச் சீராக்க வேண்டும், காதணி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். தளபதி சர் ஜான் கிராடாக், கவர்னர் வில்லியம் பெண்டிங்க், தலைப்பாகையை வடிவமைத்தவர் அட்ஜுடன்ட் ஜெனரல் அக்னியூ. 1806 மே மாதம் வேலூரில் இருந்த 4-ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளம் தலைப்பாகையைத் தொட மறுத்தது. சென்னையில் வைத்து விசாரித்தார்கள். இரண்டு பேருக்கு, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஆளுக்கு 900 கசையடி. இன்னும் 19 பேருக்கு 500 கசையடி என்று தீர்ப்பு, அவர்கள் மன்னிப்புக் கேட்டதால் அடி நின்றது. அந்தப் பட்டாளத்தை வேலூரிலிருந்து மாற்றி 23-ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தைக் கொண்டுவந்தார்கள்.

இந்த 900 கசையடியை மறந்துவிட்டு முஸ்தபா பேக்கைப் பற்றிப் பேசவே கூடாது. வெளிப்படையாக மறுத்தால் என்ன கிடைக்கும் என்று எல்லாச் சிப்பாய்களும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். ஆகவே அடுத்த எதிர்ப்பு ரகசியமாகத்தான் இருக்க முடியும், ரகசியம் என்று வந்துவிட்டால் அதில் இல்லாதவர் ஒவ்வொருவரும் ஆபத்தானவர் ஆகிவிடுகிறார். சேர்ந்துகொள், இல்லாவிட்டால் நீ எதிரி. நடுவில் நிற்க இடமே இல்லாமல் போனது. அந்த இடத்தை இல்லாமல் செய்தது கம்பெனி, அதன் சவுக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூலை 9 திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். கோட்டைக்குள் ஆள் நடமாட்டம் அதிகம். நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்குள் சுடத் தொடங்கினார்கள். கோட்டைத் தளபதி கர்னல் ஃபான்கோர்ட் செத்தார். தூக்கத்தில் இருந்த 69-ஆம் ரெஜிமெண்ட் சோல்ஜர்கள் மேல் பாராக்கின் ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். மொத்தத்தில் 14 அதிகாரிகளும் நூற்றுக்கு மேற்பட்ட சோல்ஜர்களும் இறந்தார்கள். திப்புவின் புலிக்கொடி ஏறியது. கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ் ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்த கர்னல் கில்லெஸ்பி 19-ஆம் டிராகூன் குதிரைப்படையோடும் மதராஸ் குதிரைப்படையோடும் 25 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்து காலை ஒன்பது மணி வாக்கில் கோட்டை வாசலில் நின்றார். வாசல் மேல் ஒரு சார்ஜெண்டோடு அறுபது சோல்ஜர்கள் வரை இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கில்லெஸ்பி கயிறு பிடித்து மேலே ஏறினார், உள்வாசலைப் பீரங்கி வைத்து உடைத்தார்கள். அப்புறம் நடந்தது சண்டை இல்லை, வேட்டை. பிடிபட்ட நூறு பேர் வரை சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். செத்த சிப்பாய்கள் எத்தனை என்பதில் 350 முதல் 800 வரை கணக்குகள் வேறுபடுகின்றன. உயிரோடு பிடிபட்டவர்களை விசாரித்து, செப்டம்பரில் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், ஐந்து பேரைச் சுட்டார்கள், எட்டுப் பேரைத் தூக்கில் போட்டார்கள், ஐந்து பேரை நாடு கடத்தினார்கள்.

இப்போது வெகுமதிக் கணக்கு. கில்லெஸ்பிக்கு 7000 வராகன். அடக்கும் வேலையில் இருந்த மற்றவர்களுக்கும் பணமும் பதவி உயர்வும். முஸ்தபா பேக்குக்கு 2000 வராகன், கூடவே சுபேதார் பென்ஷன். ஒரு வராகன் ஏறத்தாழ மூன்றரை ரூபாய் என்றால் 7000 ரூபாய், சாதாரணச் சிப்பாய் ஆயுள் முழுக்கச் சேர்த்தாலும் பார்க்க முடியாத காசு.

இந்தப் பணம்தான் அவர் மேல் பழியை நிலைக்க வைத்தது என்று நினைக்கிறேன். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். ஜூன் 17-இல் அவர் போய்ச் சொன்னபோது கிடைத்தது பணம் இல்லை, விலங்கு. பைத்தியக்காரன் என்ற பெயர். தன் பட்டாளத்தின் சுபேதார்கள் எல்லாரும் தனக்கு எதிராக இருக்கும் கோட்டைக்குள், தான் சொன்னது வெளியே தெரிந்துபோன பிறகு அடைபட்டுக் கிடப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பணம் வந்தது எல்லாம் முடிந்த பிறகு, அவர் சொன்னது உண்மை என்று பிணங்கள் சாட்சி சொன்ன பிறகு. கூலிக்குக் காட்டிக்கொடுத்தவர் என்ற கதைக்கு இந்த வரிசை ஒத்து வரவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அவர் காட்டிக்கொடுத்ததால் புரட்சி தோற்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மேடையில் சொல்லப்படுவது நேர்மாறாக இருக்கிறது. அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. காவல் கூடவில்லை, ஒரு துப்பாக்கி இடம் மாறவில்லை. கல்யாணத்துக்கு முந்தி ஓர் ஐரோப்பியப் பெண் ஃபான்கோர்ட்டிடமே போய் எச்சரித்தார், அதையும் அவர் தள்ளிவிட்டார். புரட்சி திட்டமிட்டபடி தொடங்கியது, கோட்டை கைக்கு வந்தது. போனது ஏன்? வாசல் மேல் இருந்த அறுபது பேரை முடிக்கவில்லை. வெளிவாசல்களை ஒழுங்காக அடைத்துக் காக்கவில்லை. நிறையப் பேர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சிதறிப் போனார்கள். வெளியே இருந்த கோட்ஸைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, ஆற்காடு ஒரு காலைப் பொழுதுத் தூரம்தான் என்பதையும் மறந்தார்கள். இத்தனை தவறுகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு ஆள் மேல் பழியைப் போட்டால் நமக்கு வசதியாக இருக்கும், ஆனால் அந்த இரவில் செத்த சிப்பாய்களுக்கு நியாயம் செய்ததாக ஆகாது. அவர்கள் எங்கே ஜெயித்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று கற்றுக்கொள்வதுதான் அவர்களுக்கு நாம் கொடுக்கும் மரியாதை.

சரி, சொல்லுக்கு வருவோம். நம் மொழியில் இந்த இடத்தில் கிடக்கும் சொற்கள் எல்லாமே இரண்டு பக்கம் திரும்புகின்றன. புதிதாக வந்தவருக்கு வழியைக் காட்டிக்கொடுத்தால் உதவி, ஒளிந்திருப்பவரைக் காட்டிக்கொடுத்தால் பாவம். உடன் என்ற சொல்லிலிருந்துதான் உடன்பிறப்பும் உடன்பாடும் வருகின்றன, போலீஸ் எஃப்.ஐ.ஆரில் வரும் உடந்தையும் அங்கிருந்துதான் வருகிறது. துணைக்குப் போனால் நல்லவர், துணை போனால் குற்றவாளி. ஆள்காட்டி இன்னும் அழகு. நம் பக்கத்து ஏரிக்கரைகளில் ஆள்காட்டிக் குருவியைப் பார்த்திருப்பீர்கள், மனுசன் கால் எடுத்து வைத்தாலே கத்தி ஏரி முழுக்கச் சொல்லிவிடும். மற்ற பறவைகளுக்கு அது காவல்காரன், வலை வைத்தவனுக்கு அது எட்டப்பன். குருவி செய்தது ஒன்றேதான்.

உலகம் முழுக்க இப்படித்தான் என்று தெரிகிறது. இன்றைக்கு ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிக்காரர்கள் வெளிநாட்டுக் கம்பெனியோடு கொலாபரேஷன் என்று பெருமையாகப் போர்டு வைக்கிறார்கள். பிரான்சில் 1940 அக்டோபர் 30 அன்று, ஜெர்மனியிடம் தோற்றுப்போன அந்த நாட்டின் தலைவர் மார்ஷல் பெத்தேன் ரேடியோவில் பேசி, நான் ஜெர்மனியோடு அந்தப் பாதையில் இறங்குகிறேன் என்று அதே சொல்லைச் சொன்னார். ஆறு நாள் முன்னால்தான் மோந்துவார் என்ற ஊரில் ஹிட்லரோடு கைகுலுக்கியிருந்தார். சேர்ந்து வேலை செய்வது என்று மட்டும் பொருள் தந்த சொல் அதற்குப் பிறகு அந்த நாட்டில் அப்படி இருக்க முடியவில்லை, போர் முடிந்தபின் அதே பெயரில் விசாரணைகளும் தண்டனைகளும் நடந்தன. நம்மிடமும் இது நடந்திருக்கிறது. ஒத்துழைப்பு நல்ல சொல்தான், 1920-இல் காந்தி ஒத்துழையாமையைத் தொடங்கியதும் அரசாங்கத்தோடு ஒத்துழைப்பவர் என்பது வசவாக மாறியது. அந்த இயக்கத்துக்காகத்தான் ராஜாஜி 1921 டிசம்பரிலிருந்து மூன்று மாதம் இதே வேலூர் ஜெயிலில் இருந்தார். இன்றைக்கு ஏதாவது அரசு ஆபீஸ் சுவரில் 'பொதுமக்கள் ஒத்துழைப்புத் தருக' என்று எழுதியிருந்தால் யாருக்கும் உறுத்துவதில்லை. எதோடு, யாருக்கு எதிராக என்பது மாறியதும் சொல் திரும்பிக்கொள்கிறது.

ஆகவே 1806-இல் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்பதுதான் சரியான வழி.

கில்லெஸ்பியோடு ஆற்காட்டிலிருந்து வந்த 7-ஆம் மதராஸ் குதிரைப்படைக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களும் இந்த மண்ணின் ஆட்கள்தான், அதே ராணுவம், அதே சம்பளம். அவர்கள் வாளை எடுத்து ஓடுகிற சிப்பாய்களை வெட்டினார்கள். முஸ்தபா பேக் கையால் ஒருவரும் சாகவில்லை. இவர்கள் கையால் எத்தனை பேர் செத்தார்கள்! ஆனாலும் எந்த மேடையிலும் இவர்களுக்குப் பட்டம் கிடையாது. ஏன்? பெயர் இல்லை. கூட்டமாக, உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, சீருடையில் செய்ததை நாம் வேலை என்கிறோம், ஒற்றை ஆளாகப் போய் வாயால் சொன்னதைத் துரோகம் என்கிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. துரோகி என்று அழைக்க வேண்டுமென்றால் குதிரைமேல் வந்தவர்களிலிருந்து தொடங்க வேண்டும். அவர்களை அழைக்கத் தயக்கமாக இருக்கிறது என்றால், அந்தத் தயக்கத்தில் கொஞ்சத்தை முஸ்தபா பேக்குக்கும் கொடுக்க வேண்டும்.

அடுத்து, புரட்சியை முன்னின்று நடத்திய ஷேக் ஆதம், ஷேக் காசிம் போன்ற சுபேதார், ஜமேதார்கள். இவர்கள் என் மனதில் உயரமானவர்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் அவர்களும் கம்பெனியின் பட்டாளத்தில் பதவி உயர்ந்து வந்தவர்கள்தான், அன்றைய கம்பெனிப் பட்டாளம் மைசூரிலும் மற்ற இடங்களிலும் யாருக்கு எதிராகச் சண்டை போட்டது என்று எல்லாருக்கும் தெரியும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம் சொல்கிறோம். இங்கே இரண்டு உப்பு இருந்தது. கம்பெனி கொடுத்த உப்பு, தங்கள் சாதி சமயத்தோடும் பிறந்த மண்ணோடும் ஒட்டிய உப்பு. 1805 நவம்பர் உத்தரவு வரும்வரை இரண்டையும் ஒரே வாயால் தின்ன முடிந்தது, அதற்குப் பிறகு முடியவில்லை. எந்தப் பக்கம் போனாலும் மற்றப் பக்கத்துக்கு இரண்டகம். இரண்டு அகம் என்று சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அவர்கள் நிலைமை அப்படியே இருக்கிறது.

இனி ஃபோர்ப்ஸ். இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்தது இவரைப் பற்றித்தான். அவர் செய்தது சோம்பேறித்தனம் இல்லை. தன் பட்டாளத்து இந்திய அதிகாரிகளை நம்பினார், ஒரு சாதாரணச் சிப்பாயின் பேச்சைவிட அவர்கள் வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்தார். வேறு எந்த நாளிலும் இதை நல்ல தளபதியின் குணம் என்போம். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்களிடமே குற்றச்சாட்டை விசாரிக்கக் கொடுத்தார். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் இன்றைக்கு ஒரு அப்ரூவர், அதாவது குற்றத்தில் பங்கு இருந்தும் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவர், சாட்சி சொன்னால் வக்கீல்கள் முதலில் எழுப்புகிற கேள்வி இதுதான்: இவர் சொல்வதை வேறு எது உறுதிப்படுத்துகிறது? 1872 சாட்சியச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, உடந்தையாக இருந்தவரின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் அது சட்டவிரோதம் ஆகாது என்றது. அதே சட்டத்தின் 114-ஆம் பிரிவு, முக்கிய விஷயங்களில் வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் அவர் நம்பத்தக்கவர் அல்ல என்று கோர்ட் கருதலாம் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், காட்டிக்கொடுப்பவர் பேச்சைத் தள்ளாதே, அப்படியே விழுங்கவும் செய்யாதே, தொடர்பில்லாத இடத்திலிருந்து சரிபார் என்பதுதான் வழி. ஃபோர்ப்ஸ் சரிபார்க்கப் போன இடம்தான் தப்பு. முஸ்தபா பேக் எப்படிப்பட்டவர் என்று பார்த்தாரே தவிர, அவர் சொன்ன விஷயத்தைப் பார்க்கவில்லை. சொன்னவர் பைத்தியமா குடிகாரனா துரோகியா என்று தீர்மானித்துவிட்டால் சொன்னதைப் பார்க்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. கம்பெனி அன்றைக்குச் செய்ததும் அதுதான், இன்றைக்கு நம் மேடைகள் செய்வதும் அதேதான். அவர்கள் பைத்தியம் என்று மூடினார்கள், நாம் துரோகி என்று மூடுகிறோம்.

என் தீர்ப்பு என்ன என்று கேட்டால் சொல்கிறேன். முஸ்தபா பேக் சிப்பாய்களைக் காட்டிக்கொடுத்தார், இது உண்மை, அதைக் கழுவ நான் முயலவில்லை. அவர் பேச்சு எடுபட்டிருந்தால் ஷேக் ஆதம் உட்பட நிறையப் பேர் ஜூன் மாதமே தூக்கில் தொங்கியிருப்பார்கள், அது தெரியாமல் அவர் பேசியிருக்க முடியாது. கூடவே, தூங்குகிற ஆட்களைச் சுடுவது நடக்கக்கூடாது என்று ஒருவர் நினைத்தால் அவருக்குப் போக இருந்த ஒரே கதவும் ஃபோர்ப்ஸின் கதவுதான். தலைப்பாகை உத்தரவை எதிர்த்துக்கொண்டே கொலையையும் எதிர்க்க ஒரு இடம் அந்தக் கோட்டைக்குள் இல்லை. அதனால் துரோகி என்ற ஒற்றைச் சொல்லை அவர் மேல் ஒட்ட என்னால் முடியவில்லை. தகவல் சொன்னவர் என்று சொல்வேன், யாருக்குச் சொன்னார், யாரைப் பற்றிச் சொன்னார், அதனால் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று நான்கையும் சேர்த்துச் சொல்வேன். ஜூலை 10-இல் வேலூர் மக்கான் அருகில் உள்ள நினைவுத் தூணில் மாலை போட்டுவிட்டுப் பேசுகிறவர்களிடமும் பள்ளிக்கூட வாத்தியார்களிடமும் நான் கேட்பது இவ்வளவுதான்: அவர் பெயரைச் சொல்லுங்கள், கூடவே அந்த விசாரணைக் குழுவையும் 7-ஆம் குதிரைப்படையையும் சொல்லுங்கள். பிள்ளைகள் தாங்களே யோசித்துக்கொள்வார்கள்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது, இதை அதிகம் பேர் பேசிக் கேட்டதில்லை. புரட்சிக்குப் பிறகு கிராடாக்கையும் பெண்டிங்க்கையும் லண்டன் திரும்ப அழைத்தது, உத்தரவு வாபஸ் ஆனது, திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்குப் போனார்கள். புரட்சி செய்த பட்டாளங்களைக் கலைத்து, 1, 23 என்ற எண்களையே ராணுவப் பட்டியலிலிருந்து அழித்தார்கள். மிஞ்சியவர்களை வைத்து 24, 25 என்று புது எண்ணில் பட்டாளம் எழுப்பினார்கள். அந்த 24-ஆம் ரெஜிமெண்டின் முதல் பட்டாளம் 1817 நவம்பரில் நாக்பூருக்குப் பக்கத்தில் சீதாபால்டி குன்றில் மராட்டியப் படையை எதிர்த்துக் கம்பெனிக்காகக் கடுமையாகச் சண்டை போட்டது. என்ன வேண்டும் என்ற கேள்வி வந்தபோது அவர்கள் கேட்டது எங்கள் பழைய எண்ணைத் திருப்பித் தாருங்கள் என்பது. 1818-இல் கம்பெனி கொடுத்தது. முஸ்தபா பேக்கின் எண்ணும் ஷேக் காசிமின் எண்ணும் அதே 1-தான். கம்பெனியை எதிர்த்ததற்காக அழித்த எண்ணை, கம்பெனிக்காக இன்னொரு ஊர்க்காரர்களைக் கொன்று மீட்டார்கள். அந்தப் பட்டாளத்தின் மனுவை விசுவாசம் என்பதா, வேலூரில் செத்தவர்களுக்கு இரண்டகம் என்பதா, இல்லை செத்தவர்களின் பெயரை மறக்காமல் மீட்டது என்பதா? மூன்றாவது பதிலும் இருக்க முடியும் என்று நான் நம்புகிறேன், முஸ்தபா பேக்கைப் பற்றிப் பேசும்போதும் அந்த மூன்றாவது பதிலுக்கு இடம் வைத்துத்தான் பேச வேண்டும் என்கிறேன்.